பதினேழாம் எண்ணின் தோள்

கெங்கம்மா அமெரிக்காவுக்குப் போனதில்லை. மீஞ்சூரைத் தாண்டியே அதிகம் போனதில்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களில் எவனுக்குக் கையில் பலம் இருக்கிறது, எவனுக்கு விளம்பரத்தில் மட்டும் இருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவாள். அவளுக்கு வேலையே அதுதான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அதே வேலைதான். நான் அவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

எங்கள் ஆபீஸ் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அமெரிக்கன் ஃபுட்பால் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. பெயர்தான் ஃபுட்பால், காலுக்கு வேலை குறைவு. பந்து மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். அதை வீசுகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். கல்லூரியில் ஆடும் குவார்ட்டர்பேக்கைப் பெரிய அணிகள் எடுப்பதற்கு முன்பு, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை விசாரிப்பதைவிட அதிகமாக விசாரிக்கும். அந்த விசாரணையில் ஒரு துண்டு எங்களிடம் வருகிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கை பின்னால் போனதிலிருந்து பந்து விரலை விட்டுக் கிளம்பும்வரை எவ்வளவு நேரம், பந்து எத்தனை கெஜம் பறந்தது, வழியில் தொய்ந்ததா என்றெல்லாம் நிரப்ப வேண்டும். கைவலுவுக்கு ஒன்பதுக்கு இத்தனை என்று ஒரு மார்க். போன வருஷத்துக்கு இந்த வருஷம் தேறியிருக்கிறானா என்று ஒரு கட்டம். கடைசியில் 'குறிப்பு' என்று இன்னொரு கட்டம் உண்டு. அதை யாரும் தொடுவதில்லை. தொட்டால் கேள்வி வரும்.

கெங்கம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். கணவர் டில்லிபாபு காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் லாஷிங் வேலையில் இருந்தவர். கப்பல் தளத்தில் அடுக்கிய கண்டெய்னர்கள் கடலில் சரியாமல் இருக்க, ஆள் உயரத்துக்கு மேல் நீளமான இரும்புத் தடிகளைத் தலைக்கு மேலே தூக்கி மாட்டி முறுக்க வேண்டும். அதில் அவருக்கு வலது தோள் போய்விட்டது. இப்போது ஒரு எடைமேடையில் லாரிக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார். அவர் கை தோளுக்கு மேலே எழும்பாமல் போன பிறகுதான் கெங்கம்மா இங்கே வேலைக்கு வந்தாள். வந்த ஆறு வருஷத்தில் அவள் போட்ட மார்க்கை மேலே யாரும் திருத்தியதில்லை. மார்ச்சில் அவளைச் சரிபார்ப்பவராக உயர்த்துவதாகப் பேச்சு இருந்தது. அது வந்தால் எங்களுக்கெல்லாம் அவள் மேலாள்.

பதினேழாம் எண் சட்டை போட்ட பையன் மூன்று வருஷமாக அவளிடம்தான் வந்துகொண்டிருந்தான். முதல் வருஷம் ஐந்து கொடுத்தாள். இரண்டாம் வருஷம் ஆறு. மூன்றாம் வருஷம் செப்டம்பரில் ஏழு. அவள் கையால் ஏழு வாங்குவது லேசில்லை, எட்டு இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

"மொதல்ல வெறும் தோளால வீசிகினு இருந்தான். இப்போ பாரு, இடுப்புலேர்ந்து வருது. பையன் தேறிட்டான் நவ்ரீனு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெருமை முகத்தில் தெரிந்தது.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு வீடியோவை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்திருந்தாள். பந்து வீசும் இடமல்ல, இரண்டு வீச்சுக்கு நடுவே அவன் சும்மா நிற்கும் இடம். அதை நாங்கள் ஓட்டிவிடுவோம், அதற்கு மார்க் கிடையாது. பதினேழு தன் வலது கட்டைவிரலை மார்புக் கவசத்தின் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டு நின்றான். தலைக்கவசத்தை இடது கையால் கழற்றினான். தண்ணீர் பாட்டிலை இடது கையால் வாங்கினான்.

"தோளு பூடுச்சி" என்றாள்.

"எப்படிக்கா சொல்றீங்க? நல்லாத்தானே வீசுறான்?"

"கை தொங்குனா வலிக்கும். அதான் மாட்டிகினு நிக்கிறான். எங்க வூட்டுக்காரு இப்டித்தான் வேலைக்குப் போட்டுகினு போற ஜாக்கெட்டு பட்டையில வெரலை மாட்டிகினு நிப்பாரு."

டில்லிபாபு தோள்வலியோடு ஒன்றரை வருஷம் வேலைக்குப் போயிருக்கிறார். வலி இருக்கிறது என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் மறுநாள் கேட்டில் பெயர் கூப்பிடமாட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். உயரத்துத் தடியைத் தாங்கள் மாட்டிவிட்டு, கீழே முறுக்குவதை அவருக்கு விட்டார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. இன்னொருத்தன் உடம்பில் இருக்கும் கோளாறைப் போய் மேலே சொல்கிறவனை அங்கே மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். கெங்கம்மா காலையில் சட்டைக்கு உள்ளே துணியை இறுக்கிக் கட்டி அனுப்பியிருக்கிறாள். தைலம் தடவினால் வாசனை காட்டிக்கொடுக்கும் என்று ராத்திரியே தடவிக் காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டிருக்கிறாள். வெறும் சுளுக்கு என்று அவர் சொன்னதை நம்பியிருந்தாள்.

அந்த அக்டோபரிலிருந்து பதினேழின் பந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்தது. கை பின்னால் போவதற்குத் தயங்கியது. ஏழு வாங்கியவனுக்கு நியாயமாக ஆறுதான் போட வேண்டும், நவம்பரில் ஐந்து. கெங்கம்மா ஏழே போட்டாள். குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

"அக்கா, இது ஆறுதானே?"

"ஏழுன்னு போட்டா உனுக்கு இன்னா நஷ்டம்? ஒயுங்கா உன் வேலையைப் பாரு."

நான் என் வேலையைப் பார்த்தேன். எனக்கும் தெரியும், நானும் சொல்லவில்லை.

டிசம்பர் கடைசியில் ஓர் ஆட்டத்தில் பதினேழு கையைப் பின்னால் கொண்டுபோனான். பந்து பத்தடி தள்ளித் தரையில் விழுந்தது. அவனை யாரும் தொடவே இல்லை. அவன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். கெங்கம்மா அந்த வீடியோவை ஒரே ஒரு முறை பார்த்து நேரத்தை நிரப்பினாள், மார்க் கட்டத்தில் ஒன்று என்று போட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து கேட்டார்கள். மூன்று மாத வீச்சுகளைத் திரும்ப அளந்து பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தோரு வீச்சில் கை தடுமாறுகிறது, உங்கள் ஆள் கடைசி வீச்சைத் தவிர எல்லாவற்றுக்கும் ஏழு போட்டிருக்கிறாரே, எப்படி? மாலை ஆறரைக்கு வீடியோவில் பேச வேண்டும் என்றார்கள். எங்கள் டீம் லீடர் குணசேகரன் நல்ல மனுஷன். கெங்கம்மாவைத் தனியே கூப்பிட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"வீடியோ தெளிவா இல்ல, கண்ணுக்குத் தெரியலன்னு சொல்லிடுங்கக்கா. நானும் அதையே சொல்றேன். முடிஞ்சிடும். ப்ரமோஷனும் தப்பிக்கும்."

"எனுக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லச் சொல்றியா சார்?" என்றாள் கெங்கம்மா. அவளுக்கு வந்த கோபத்தை நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்தே பார்த்தேன்.

ஆறரைக்குத் திரையில் ஒரு நரைத்த தலை வந்தது. நான் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கை தடுமாறியதைப் பார்க்கவில்லையா என்று கேட்டது. குணசேகரன் வாயைத் திறப்பதற்குள், "ஐ சா, சார். அக்டோபர், ஃபர்ஸ்ட் வீக்" என்றாள் கெங்கம்மா.

பார்த்தீர்களா, பிறகு ஏன் எழுதவில்லை?

இதற்கு அவளிடம் இங்கிலீஷ் இல்லை. குணசேகரனைத் திரும்பிப் பார்த்தாள். "எய்தினா அந்தப் பையன் வேலை பூடும்னு சொல்லு சார்."

அவர் சொன்னார். நரைத்த தலைக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அக்டோபரிலேயே தெரிந்திருந்தால் ஆறு வாரம் ஓய்வே போதுமாக இருந்திருக்கும் என்று பையனுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சொன்னாராம். இப்போது அந்தத் தோள் பழையபடி வருமா என்று யாராலும் சொல்ல முடியவில்லையாம். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரிபார்ப்பவர் பதவி வேறொருவருக்குப் போனது. கெங்கம்மாவைக் குவார்ட்டர்பேக் வேலையிலிருந்து எடுத்து, ஆட்கள் மைதானத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வைக்கும் வேலையில் போட்டார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் செய்கிற வேலை அது. அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வாரம் என்ற பேச்சுதான் அவளை விடவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள்.

"ஆறு வாரமா? எனுக்கு எட்டு வாரம்னாங்கோ" என்றாராம் டில்லிபாபு, சோற்றைப் பிசைந்துகொண்டே.

"யாரு சொன்னது?"

"பெரியாஸ்பத்திரில. தோளுக்குள்ள நாரு கிய்ஞ்சிகீது, எட்டு வாரம் கையை அசைக்காம இருந்தா ஒட்டிக்கும்னாங்கோ. வலி வந்த புதுசுல."

"சுளுக்குன்னியேயா என்னாண்ட!"

"வேற இன்னாமே சொல்லுவேன்? எட்டு வாரம்னு சொன்னா நீ என்னைய வேலைக்குப் போவ வுட்டிருக்க மாட்டே."

சொல்லிவிட்டு அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாராம். இவள் ஊற்றினாளாம்.

"விட்டிருக்க மாட்டீங்கல்லக்கா?" என்று கேட்டேன்.

கெங்கம்மா சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"வுட்டிருப்பேன் நவ்ரீனு. அந்த வர்சம் வூட்ல அவரு சம்பளம் மட்டுந்தான். சின்னது அப்பத்தான் பொறந்திருந்திச்சி. எட்டு வாரம்னு தெரிஞ்சிருந்தாலும் வுட்டுத்தான் இருப்பேன்." டப்பாவைப் பையில் வைத்தாள். "நான் நிறுத்தியிருப்பேன்னு நம்பிகினு கீறாரு அந்த மனுசன். நான் ஒண்ணும் சொல்லல."