சின்னப்பருக்கு நான்கு சுண்டு கடலை

என் மச்சாள் அல்போன்சம்மா கனடாவில், மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்து அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். முகாமையாளரையே பிரெஞ்சில் ஏசுகிற மனுசி. ஆனால் தண்ணீரைக் கண்டால் உயிர் போய்விடும். மொன்ட்ரியால்-நோரிலிருந்து லாவாலில் இருக்கும் என் வீட்டுக்கு வரக் கடக்க வேண்டியது ஒரேயொரு பாலம்தான். பாலம் வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "றோசா, முடிஞ்சுதோ?" என்று கேட்டபடியே வருவார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

காரணம் இல்லாமல் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு, மச்சாள் கைக்குழந்தையாக இருந்த மகன் றொக்சனோடு மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் போனபோது நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. கப்பல் உடைந்தும் ஒருவர்கூடச் சாகாமல் மோல்ட்டாத் தீவில் கரையேறியவர் சின்னப்பர், அதுதான் பவுல் அடிகள். அவரைத்தான் மச்சாள் கூப்பிட்டிருக்கிறார். கரை சேர்த்துவிட்டால் அவருடைய தீவுக்குக் கடலாலேயே வந்து, அவருடைய திருநாளில் சனத்துக்குக் கடலை அவித்துக் கொடுப்பேன் என்று நேர்த்தி வைத்தார். எல்லாரும் கரை சேர்ந்தார்கள். நேர்த்தி மட்டும் அப்படியே கிடந்தது.

றொக்சன் வளர்ந்து கார் ஓட்டும் பரீட்சையில் மூன்றாம் முறையும் கோட்டைவிட்டபோது மச்சாளுக்குப் பொறுக்கவில்லை. "இது சின்னப்பற்ர கோவம்தான்" என்றார். அவன் நிறுத்தற்பலகையில் நிற்காமல் போனதற்குச் சின்னப்பர் என்ன செய்வார்? சொன்னால் கேட்டால்தானே. மச்சாளின் கணவர், என் அண்ணை அருமைராசாவுக்கு முழங்கால் வருத்தம். ஆகவே 2008 பெப்ரவரியில் துணைக்கு நான் புறப்பட்டேன். இந்த மனுசி கடலை ஒருதரம் தாங்குவதே பெரிய காரியம் என்று, திரும்பும் வழிக்கு விமானத்தில் இடம் பதிந்து வைத்தேன்.

சிசிலி வரை விமானத்தில் போனோம். அங்கே துறைமுகத்தில், மோல்ட்டாவுக்குப் போகும் கப்பலின் வாசலில் மச்சாள் நின்றுவிட்டார்.

"ஏறுங்கோ மச்சாள், பின்னால சனம் நிக்குது."

"ஏலாது றோசா. கால் வருகுதில்லை."

"அப்ப வீட்ட போவம். சின்னப்பருக்கு நான் ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிடுறன்."

என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு விறுவிறென்று ஏறிவிட்டார். ஏறி என்ன, வழி முழுக்க முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டு செபமாலை சொன்னார். மோல்ட்டாவின் தலைநகர் வலெட்டாவின் துறைமுகத்துக்குள் நுழையும்போதுதான் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஐயோ மாதாவே! எங்கட மன்னார்க் கோட்டை இதுக்குள்ள ஒரு மூலைக்குக் காணாது!"

உண்மைதான். இரண்டு பக்கமும் மஞ்சள் கல் மதில்கள் தண்ணீரிலிருந்தே எழுந்து நின்றன. ஊருக்குள் தெருக்கள் படிப்படியாக இறங்கின. வீடுகளில் பச்சையும் சிவப்புமாக மரப்பலகணிகள். எந்தத் தெருவில் திரும்பினாலும் அடியில் கடல் தெரிந்தது. முதலில் மச்சாள் சுவரைப் பார்த்தபடிதான் நடந்தார். சின்னப்பர் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்த பிறகு, தெருமுனைகளில் நின்று களவாக எட்டிப் பார்த்தார். நான் காணாதது போல இருந்தேன்.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் விடுதி அறையில் பெட்டியைத் திறந்தார். சுவெட்டர்களுக்கு நடுவே ரைஸ் குக்கர்! நான்கு சுண்டு கடலையைக் காலையிலேயே ஊறப்போட்டிருந்தார். நான்தான் கெட்டிக்காரி மாதிரி பிளக்கை மாட்டிக் கொடுத்தேன். கனடாக் குக்கருக்கு இந்த மின்சாரம் இரண்டு மடங்கு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. டப் என்று ஒரு சத்தம், கரிப்புகை, விடுதி முழுக்க இருட்டு.

விடுதிக்காரி கார்மென் கத்திக்கொண்டு படியேறி வந்தார். மச்சாள் ஊறிய கடலையைக் கையில் ஏந்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். "இவ்வளவு தூரம் வந்தும் என்ர நேர்த்தி போச்சே, றோசா!" வள்ளத்துக் கதையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கார்மெனுக்குச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் சிலுவை போட்டுக்கொண்டு, கடலைப் பாத்திரத்தை வாங்கி, எங்களைத் தம் சமையலறைக்குக் கூட்டிப்போனார். குக்கருக்கு மட்டும் கடைசிவரை ஏசினார்.

மறுநாள் பலகணிகளிலிருந்து கடதாசித் துண்டுகள் பனியாகக் கொட்ட, சின்னப்பரின் பெரிய சுரூபம் தோளில் ஏறி வந்தது. தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலையை மச்சாள் கடதாசிக் கோப்பைகளில் நீட்டினார். உறைப்பில் கண்ணீர் வடித்த அதே ஆட்கள் இன்னொரு தரமும் வந்து கை நீட்டினார்கள். மச்சாளுக்குப் பிடிபடாத சந்தோசம்.

திரும்பும் நாள் காலை, விமான நிலையத்துக்கு வாகனம் வருகிறது, பெட்டியைப் பூட்டுங்கள் என்றேன்.

"நான் கப்பலில வாறன்."

"விசரே உங்களுக்கு? நேர்த்திதான் முடிஞ்சுதே!"

"வந்தது சின்னப்பருக்காக. போறது எனக்காக. வரேக்க நான் ஒண்டும் பாக்கேல்லை, றோசா."

விமானச் சீட்டுகளைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு நானும் கப்பல் ஏறினேன்.

அன்று கடல் பொல்லாத ஆட்டம் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டு பொலித்தீன் பைக்குள் சத்தியெடுத்துக்கொண்டிருந்தேன். மச்சாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முந்தானை பறக்க, நடுக்கடலைப் பார்த்தபடி நின்றார்.

"மச்சாள், முடிஞ்சுதோ?" என்று முனகினேன்.

"இன்னும் கிடக்கு," என்றார் சந்தோசமாக. "கண்ணைத் திறந்து பாரடி."