ஒரே ஒரு வேப்பங்கிளை

பனியன் கம்பெனிகளுக்குக் கட்டடம் கட்டுவது என் தொழில். சுவர் எழுப்புவது சுலபம், குறுக்கே நிற்கும் மரத்துக்கு அனுமதி வாங்குவதுதான் உயிரை வாங்கும். மனுவும் கையுமாக அலைந்தவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

ஃபார்ம் இல்லாத கிளை

ராயபுரத்தில் ஒரு கம்பெனிக்கு மாடி எடுக்க வேண்டும். வாசலில் நிற்கும் வேப்பமரத்தின் ஒரு கிளை மட்டும் இடித்தது. தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் பெண்கள் மதியம் அந்த நிழலில்தான் சாப்பிடுவார்கள். "ஒரே ஒரு கிளைதான் போகும், மரம் இருக்கும்" என்று அவர்களில் மூத்தவரான சரசாக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, மரம் வெட்ட அனுமதி தரும் அரசு அலுவலகத்துக்குப் போனேன்.

கிளார்க் என் மனுவை மூன்று முறை படித்தார். "கிளைக்குன்னு தனி ஃபார்ம் இல்லீங்க. முழு மரத்தையும் வெட்டறதுக்குன்னா இருக்குதுங்க, தரட்டுங்களா?"

கட்டிங் மாஸ்டர் டேப்

வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் நடையாய் நடந்தேன். ஒருநாள் மரத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். வண்டியை அதே நிழலில் நிறுத்திவிட்டு, சுற்றளவு குறிக்க வேண்டும் என்றார். அளக்க எதுவும் கொண்டுவரவில்லை, மகராசன்! கட்டிங் மாஸ்டர் சலீம் பாய் தன் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கொடுத்தார். உடம்புக்கு அளக்கிற டேப் மரத்துக்கு ஒரு சாண் போதவில்லை.

'அளக்க இயலவில்லை' என்று எழுதிக்கொண்டு அதிகாரி கிளம்பினார். சலீம் பாய்தான் வண்டியை மறித்தார். "ஏனுங்க சார், மீதி ஒரு சாணைக் கையில அளந்தா மரம் கோவிச்சுக்குமுங்களா?"

உப்புத் தண்ணீர்

அடுத்த முறை போனபோது கிளார்க் குரலைத் தணித்து ஒரு வழி சொன்னார். பட்டுப்போன மரமென்றால் ஒரே வாரத்தில் அனுமதியாம். இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று கம்பெனி முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மச்சான் சாயப்பட்டறை வைத்திருப்பது தெரிந்தும் வாயை விட்ட என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உப்பும் சாயமுமாகப் பட்டறைக் கழிவு கேன் கேனாக வேருக்குப் போனது. சில வாரத்தில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. நான் போய்க் கத்தினேன். முதலாளி எனக்கு டீ சொன்னார். "டென்ஷன் ஆவாதீங்க. உங்களுக்கும் அலைச்சல் மிச்சந்தானுங்களே."

வந்து சேர்ந்த கடிதம்

பட்ட மரத்துக்கு அனுமதி சொன்னபடி வந்தது. மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிய மறுநாள் இன்னொரு கடிதமும் வந்தது. என் முதல் மனுவுக்குப் பதில்! ஒரு கிளையை மட்டும் நீக்கலாம், மரத்துக்குச் சேதம் வரக்கூடாது என்று கையெழுத்தும் முத்திரையுமாக இருந்தது. கிழித்து எறியப் போனேன்.

அப்போது சாப்பாட்டு பெல் அடித்தது. டிபன் பாக்ஸோடு வெளியே வந்த பெண்கள் வெயிலைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்கள். சரசாக்கா மட்டும் என்னிடம் வந்தார். "ஏனுங்க இன்ஜினியரு, ஒரே ஒரு கிளைதான்னு சொன்னீங்க."

மரத்தைக் காப்பாற்ற மனுப் போட்டவனும் நான்தான், கொல்ல வழி சொன்னவனும் நான்தான். மாடி மட்டும் குறித்த நாளில் எழும்பிவிட்டது.