கொற்கைக் குளத்தில் ஒரு பாய்மரம்

நான் டார்க் ரூம் வேலை பார்த்த தூத்துக்குடி ஸ்டூடியோவின் முதலாளிக்கு பிலிம் என்றாலே இளக்காரம். ஊரே பிலிமுக்கு மாறிய பிறகும் அவர் மட்டும் கண்ணாடி பிளேட்டை விடவில்லை. மருந்து பாதி செத்துப்போன பழைய பிளேட்டுகளை வைத்துக்கொண்டு, "பிலிம்ல எடுக்கதெல்லாம் படமாலே?" என்பார்.

மில்லர்புரத்தில் புது வீடு கட்டிய உப்பள அண்ணாச்சி ஒருநாள் வந்தார். சொந்த ஊர் கொற்கை.

"எங்க ஊர்க் குளத்தப் பெருசா எடுத்துத் தாரும். பிடிச்சிருந்தா மக கல்யாணத்துக்கும் நீருதான்."

கல்யாணம் கிடைத்தால் ஸ்டூடியோ பிழைக்கும். இல்லையென்றால் எனக்கும் வேலை இல்லை.

பஸ்ஸில் முதலாளி பிளேட் பெட்டியைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். குளத்தங்கரையில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் லேசில் வெளியே வரவில்லை. ஆள் தூங்கிவிட்டாரா என்று ஒரு எருமை வந்து பார்த்துவிட்டுப் போனது.

குளம் நன்றாக விழுந்தது. வானம்தான் இல்லை. அந்தப் பிளேட்டில் நீலமும் மேகமும் ஒரே வெளுப்பாகத்தான் வரும். அதற்கென்று எங்களிடம் ஒரு மேகப் பிளேட் உண்டு. முதலாளியின் காலஞ்சென்ற தாய்மாமா எப்போதோ துறைமுகத்தில் நின்று எடுத்தது. எந்த ஊர்ப் படமானாலும் பிரிண்ட் போடும்போது மேலே அந்த மேகத்தை ஏற்றுவோம். விளாத்திகுளத்துக் கரிசலுக்கும் அதே மேகம்தான், மழை மட்டும் பெய்யாது.

மேகப் பிளேட்டின் கீழ் ஓரத்தில் ஒரு தோணியின் பாய்மர நுனி விழுந்திருந்தது. மற்ற படங்களில் மரமோ கோபுரமோ அதை மறைத்துவிடும். குளத்தின் அக்கரை மொட்டையாகக் கிடந்ததால் துருத்திக்கொண்டு நின்றது.

"மொதலாளி, பிளேட்ல ஒரு சொட்டு சிவப்பு மை வச்சா மறைஞ்சிரும்."

"எங்க மாமா எடுத்த மேகம்லே. அதுக்குப் பொட்டு வைக்கச் சொல்லுதியோ?"

"அப்போ மாமா போட்டோவுக்கு வச்சிருவமா?"

"வாய மூடிட்டு பிரிண்டக் கழுவு. எவன் உத்துப் பாக்கப் போறான்."

அண்ணாச்சி உற்றுப் பார்த்தார். விரல் நேரே பாய்மரத்துக்குப் போனது.

"என்னவே இது?"

"கொற்கை அந்தக் காலத்துத் துறைமுகம்லா அண்ணாச்சி..." என்று இழுத்தார் முதலாளி.

"பாண்டியன் விட்டுட்டுப் போன கப்பலு இன்னும் கட்டிக் கெடக்கோ? உப்புக்கு வாரதுக்கு முன்ன நான் கொழும்புக்குத் தோணியில போனவன்வே. முழங்கால் தண்ணியில எனக்கே தோணி விடுதீரா? நாளைக்குக் கல்யாணத்துல எம் மக தலையில எவ கொண்டைய ஒட்டுவீரோ."

படத்தை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போனார். "ரசனை கெட்ட மனுசன்" என்றார் முதலாளி. கல்யாணம் எதிர்த்த பிலிம் ஸ்டூடியோவுக்குப் போனது. அடுத்த வாரம் நானும் அங்கேயே போனேன்.

டார்க் ரூமுக்குப் புதிதாக வருகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். ஒட்டு வேலை செய்யாதே என்று சொல்லமாட்டேன், சொன்னால் உனக்குச் சோறு கிடைக்காது. ஒட்டும்போது செத்துப்போன மாமாவுக்கு மரியாதை பார்க்காதே. காசு கொடுக்கிறவன் கண்ணைப் பார்.

அந்தக் கல்யாணப் படங்களை நான்தான் கழுவினேன். பெண்ணின் கன்னத்துப் பருக்களை நெகட்டிவில் பென்சில் வைத்து ஒன்றுவிடாமல் மறைத்தேன். அண்ணாச்சி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாத்தியாலே, இதுதான் எம் மக. உள்ளத உள்ளபடி எடுத்துருக்கான்."