பேச்சு வாங்கிய கோவா

எட்டு வயதிலேயே நான் எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர். கவுன்சில் கடிதம், டொக்டரின் கேள்வி, கதவைத் தட்டுகிறவர்களின் விளக்கம் எல்லாம் என் வாய் வழியாகத்தான் அம்மாவிடம் போகும். அந்தப் பதவியால் எனக்கு வந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு சொல் விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்கிற வழக்கமும் என்னிடம் இல்லை.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் சுவரோடு ஒட்டிய அடுத்த வீட்டில் வயதான போலந்துத் தம்பதி இருந்தார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் அந்த அன்ரி மூடி போட்ட பாத்திரம் ஒன்றோடு வாசலுக்கு வருவார். முதல் தடவை வந்தபோது 'கொவோம்ப்கி' என்று பெயர் சொன்னார். அப்படியென்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தங்கள் பாஷையில் சின்னப் புறாக்கள் என்று சொல்லிச் சிரித்தார். நான் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

"அம்மா, புறாக்குஞ்சாம்."

அம்மா இரண்டு கையாலும் வாங்கி, வாயெல்லாம் பல்லாக நன்றி சொல்லி, கதவைச் சாத்தியதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு குப்பையில் கொட்டினார். ஆடு, கோழி, மீன் எல்லாம் சாப்பிடுகிற வீடுதான். ஆனாலும் பஸ் நிலையத்தில் சிப்ஸ் பொறுக்கித் திரிகிற புறாவை எப்படித் தின்பது? பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று முறுக்கு நிரப்பி என்னிடம் கொடுத்தனுப்பினார். மூன்று கிறிஸ்துமஸ் இப்படிப் போயின.

நான்காவதற்கு அன்ரி இல்லை. இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதன்பிறகு அவருடைய கணவர், நான் தாத்தா என்று கூப்பிடுகிறவர், தோட்டத்தில் நின்றாலும் யாரோடும் வாய் திறப்பதில்லை. நாளுக்கு நாள் சட்டை பெரிதாகி ஆள் சின்னதாகிக்கொண்டு வந்தார்.

"அந்தாள் ஒண்டும் சாப்பிடுறேல்லை. இப்பிடியே விட்டால் மனுசிக்குப் பின்னாலயே போயிடும்," என்றார் அம்மா.

புட்டு அனுப்பினார். இடியப்பம் அனுப்பினார். கழுவித் துடைத்த பாத்திரம் மறுநாள் எங்கள் வாசலில் இருக்கும். ஒருநாள் மாடி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். தாத்தா வீட்டுப் புல்தரையில் பத்துப் பதினைந்து புறாக்கள் எங்கள் இடியப்பத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன.

"நாங்கள் அவையின்ர புறாவைக் குப்பையில போட்டம். அவர் எங்கட இடியப்பத்தைப் புறாவுக்குப் போடுறார். சரிக்குச் சரி," என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு அப்போது விமானங்களுக்கான சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் வேலை. அதே ஷிப்டில் ஒரு போலந்துப் பெண்ணும் இருந்தார். புறாவை எப்படிச் சமைப்பது என்று அவரிடம் அம்மா தன் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அது புறாவே இல்லை. கோவா இலைக்குள் சோறும் அரைத்த இறைச்சியும் வைத்து மடிப்பது. முட்டைக்கோஸைத்தான் நாங்கள் கோவா என்போம். சுருட்டி வைத்தால் குஞ்சு படுத்திருப்பது போலத் தெரிவதால் அந்தப் பெயர் என்று விளக்கினாராம்.

வீட்டுக்கு வந்த அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. கோட்டைக் கழற்றாமல் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். "மூண்டு வருசம், பிள்ளை. மூண்டு வருசம் அந்த மனுசி எங்களுக்கெண்டு குந்தியிருந்து சுருட்டியிருக்கு," என்று சொல்லி அழுதார். நான் சத்தமில்லாமல் மாடிக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கோவா வேலையைத் தொடங்கினார். முழுக் கோவாவையும் கொதிதண்ணீரில் அமிழ்த்தி, இலை இலையாக உரித்து, நடுவிலுள்ள தடித்த நரம்பைச் சீவ வேண்டும். முதல் நான்கு இலைகள் கிழிந்தன. அரைவேக்காட்டுச் சோற்றோடு கோழி இறைச்சியும் வெங்காயமும் பிசைந்து, மடித்து அடுக்கி, தக்காளிக் குழம்பு ஊற்றினார். கடைசியில் இரண்டு கரண்டி மிளகாய்த்தூளும் போட்டார். தூள் இல்லாமல் ஒரு மனிதருக்கு எப்படிச் சாப்பாடு இறங்கும் என்பது அவருடைய கேள்வி.

நான் கொண்டுபோனேன். தாத்தா மூடியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு குசினி மேசையில் உட்கார்ந்து ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். முகம் சிவந்து இருமல் வந்தது. இருமல் முடிந்ததும் ஆங்கிலம் கொட்டத் தொடங்கியது. இதென்ன நெருப்பு, சோறு ஏன் கஞ்சியாக இருக்கிறது, கோழியை யார் போடச் சொன்னது, என் மனைவி கண்டால் என்ன நினைப்பாள் என்று பத்து நிமிடம் விடாமல் பொரிந்து தள்ளினார். அதற்கிடையில் இரண்டைச் சாப்பிட்டும் முடித்துவிட்டார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, அவர் நல்லாப் பேசிப்போட்டார்!"

எங்கள் ஊர்த் தமிழில் இரண்டு பேர் உரையாடினால் அது கதைப்பது. பேசுவது என்றால் ஏசுவது. ஆனால் அம்மாவின் முகம் மலர்ந்தது.

"பேசினவரோ? எவ்வளவு நேரம் பேசினவர்?"

பள்ளிக்கூடத்தில் நான் பேச்சு வாங்கி வந்த நாட்களில் இந்த மகிழ்ச்சியை நான் கண்டதில்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் கோவாதான். வேலைத்தலத்துப் போலந்துப் பெண் ருசி பார்த்துத் திருத்தத் திருத்த, அம்மா போலந்துக் கடையில் பன்றி இறைச்சி வாங்கினார், சோற்றைக் குறைத்தார், தூளை நிறுத்தினார். இது அப்படியே தன் அம்மாவின் கைப்பக்குவம் என்று அந்தப் பெண் ஒருநாள் கட்டிப்பிடித்தாராம். திங்கட்கிழமைக்கு அவருக்கென்று ஒரு வெள்ளைப் பெட்டி ஒதுக்கப்பட்டது. தாத்தாவின் நீலப் பெட்டியில் மட்டும் ஒரு ஞாயிறு உப்புக் கூடும், ஒரு ஞாயிறு தூள் விழும். அம்மா வேண்டுமென்றே போடுவதைக் கண்ணால் கண்ட பிறகு கேட்டேன்.

"ஏனம்மா தெரிஞ்சுகொண்டு பிழையாச் செய்யிறியள்?"

"சரியாச் செய்தால் அவர் என்னத்தைப் பேசுறது?"

இதென்ன நியாயம்? பாவம் அந்த மனிதர். இப்போது ஞாயிறென்றால் தலை வாரி, வாசலில் எனக்காகக் காத்திருக்கிறார். அவருக்குப் பிழையானதையும் வேறொருவருக்குச் சரியானதையும் கொடுப்பதை என் மனம் ஏற்கவில்லை. ஒரு ஞாயிறு, அம்மா குளிக்கப் போன நேரம், இரண்டு பெட்டியிலும் இருந்ததை மாற்றி வைத்தேன்.

தாத்தா வழக்கம்போல வெட்டி வாயில் வைத்தார். மென்ற வாய் நடுவில் நின்றது. சோற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. உப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த ஒன்றை மட்டும் மெதுவாகச் சாப்பிட்டு முடித்து, முள்ளுக்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையில் கழுவுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

நானே கதவைச் சாத்திக்கொண்டு வெற்றிக் களிப்போடு வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, இண்டைக்கு அவர் பேசேல்லை! ஒரு சொல்லும் பேசேல்லை! நான்தான் நல்லதை மாத்திக் குடுத்தனான்!"

அம்மா என்னைப் பார்த்தார். வெள்ளைப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு, ஈரத் தலையோடு, வீட்டுச் செருப்போடு அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

அவசரத்தில் என்னைப் பாராட்ட மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்ததும் பாராட்டட்டும் என்று குசினிக்குள்ளேயே காத்துக்கொண்டு நின்றேன்.