அவள் நிரப்பிய சுங்கான்

என் மனைவி மருந்தாளர். அரசு மருத்துவமனையில் வேலை. சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கென்று அங்கே ஒரு சின்ன அறை இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அதில் உட்கார்ந்து ஆலோசனை சொல்பவள் அவள்தான். என் தம்பி எங்கள் வீட்டுக்கு வரும்போது சிகரெட் பெட்டியைக் காரிலேயே ஒளித்துவிட்டுத்தான் இறங்குவான். அப்படிப்பட்டவள் இருக்கிற வீட்டுக்குள் நான் புகைபிடிக்கும் பைப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். பகல் முழுவதும் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் பைப் பிடிப்பவர்களின் வீடியோக்கள் கண்ணில் பட்டன. யாரோ ஒரு தாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்து, அவசரமே இல்லாமல் புகையை விட்டுக்கொண்டிருப்பார். புகையைவிட அவர் முகத்தில் இருந்த நிதானம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

சூலியா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் பழைய சாமான் கடை ஒன்று. ஓடாத கடிகாரங்களுக்கும் துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிகளுக்கும் நடுவில் அந்தப் பைப் கிடந்தது. வளைந்த தண்டு, பெரிய கிண்ணம், செக்கச்செவேலென்ற பளபளப்பு.

"அண்ணே, புடிச்சுப் பாருங்க. உங்க மூஞ்சிக்கு ஸ்டைலா இருக்கும் லா" என்றார் கடைக்காரர்.

கண்ணாடியில் பார்த்தேன். ஸ்டைலாகத்தான் இருந்தது. வேறெதையும் பார்க்கவில்லை. போகிற வழியில் புகையிலையும் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பசாருக்கு மீன் வாங்கப் போன நேரம் பார்த்து, கெலுகோரில் இருக்கும் எங்கள் வீட்டின் கார் போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தலையணைக்குப் பஞ்சு அடைப்பதுபோலப் புகையிலையைக் கட்டைவிரலால் திணித்தேன். விளிம்புவரை திணித்தேன். பற்றவைத்தேன். புகை வரவில்லை. பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். வந்தது. நெஞ்சுக்குள் இறக்கினேன். நாக்கு வெந்தது. கிண்ணத்தைக் கையில் பிடிக்க முடியாத சூடு. விடாமல் இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் கூரை மெல்லச் சாய்ந்தது. வியர்த்துக் கொட்டியது. எழுந்து ஓடி வாசல் கால்வாயில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் கார் உள்ளே நுழைந்தது.

இனி இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது என்றே நினைத்தேன். அவள் கத்தவில்லை. என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். உள்ளே போய்ச் சர்க்கரை கலந்த தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உள்ள இழுத்தீங்களா?"

"ஆமா."

"சிகரெட் மாதிரி, நெஞ்சுக்குள்ள?"

"ஆமாம்மா."

"காலையில ஏதாவது சாப்டீங்களா?"

"இல்ல."

"வெறும் வயித்துல யாராவது புடிப்பாங்களா?"

அந்தக் கேள்வியில் ஏதோ இடித்தது. 'ஏன் பிடித்தீர்கள்' என்று அவள் கேட்கவில்லை. எனக்கு யோசிக்கிற தெம்பு இல்லை. அவள் பைப்பை எடுத்தாள். குப்பைத் தொட்டிக்குத்தான் போகப்போகிறது என்று பார்த்தால், நாற்காலிக் கைப்பிடியில் சாய்த்துவைத்து ஆறவிட்டாள். தண்டைக் கழற்ற நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"சூடா இருக்கிறப்ப கழட்டினா உடைஞ்சிரும்."

ஆறியதும் அவளே கழற்றினாள். சாம்பலைத் தட்டிவிட்டு, துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இந்தச் சுங்கான எவன் உங்க தலையில கட்டினான்?"

சுங்கான். பைப்புக்கு யாழ்ப்பாணச் சொல்; அங்கிருந்து வந்த குடும்பம் அவளுடையது. அவள் அப்பா வீட்டில் சில சொற்கள் அப்படித்தான் வரும். ஆனால் இந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"பாருங்க, ஓட்டை கிண்ணத்தோட அடியில வந்து சேரணும். இது மேல ஏறி நிக்குது. அடியில இருக்கிற புகையிலை எரியவே எரியாது, தண்ணி கட்டிக்கிட்டு கொளகொளன்னு சத்தம் போடும். மேல இவ்ளோ வார்னிஷ் அடிச்சா மரம் எப்படி மூச்சு விடும்? அதான் கை சுடுது. புதுசா புடிக்கிறவங்களுக்கு நேர்த்தண்டு போதும். சின்னதா, லேசா, பல்லுல வச்சா பாரம் தெரியாம இருக்கணும்."

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம்..."

அவள் எழுந்து, காரிலிருந்த மீன் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்தபோது கூந்தலைத் தூக்கி முடிந்திருந்தாள். கையில் பழைய நாளிதழும் ஒரு டீஸ்பூனும்.

"புகையிலை எங்க?"

கொடுத்தேன். விரலால் கிள்ளிப் பார்த்து, ஈரம் அதிகம் என்று நாளிதழில் பரப்பினாள். அது உலர்கிறவரை காத்திருந்தாள். பிறகு அவள் நிரப்ப ஆரம்பித்தாள். முதல் சிட்டிகையை அழுத்தாமல் தானாக விழவிட்டாள். இரண்டாவதை விரல் நுனியால் லேசாகத் தட்டினாள். மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்தினாள். பற்றவைக்காமலே வாயில் வைத்து இழுத்துப் பார்த்தாள்.

"ஸ்ட்ராவுல தண்ணி குடிக்கிறப்ப ஒரு சின்ன பிடிமானம் இருக்கும்ல, அவ்ளோதான் இருக்கணும். அதுக்கு மேல இறுக்கமா இருந்தா கொட்டிட்டுத் திரும்ப நெரப்பணும்."

தீக்குச்சியைக் கிழித்தாள். நெருப்பை வட்டமாகச் சுற்றினாள். புகையிலை உப்பி எழுந்தது. ஸ்பூன் காம்பால் அதை மெல்ல அமுக்கி, மறுபடி பற்றவைத்தாள். வாயில் மட்டும் புகையை வைத்திருந்து மெதுவாக வெளியே விட்டாள். இருமல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. பக்கத்து வீட்டுச் சீன அக்கா பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டி நிரம்பி அவர் காலில் வழிந்தது அவருக்கே தெரியவில்லை.

நான் அவரைவிட மோசமாக இருந்தேன். கோயிலுக்கு என்னோடு வந்து நின்றவள், என் பிள்ளையைப் பெற்றவள், சமையலறையில் மிளகாய் வறுத்தால் மூக்கை மூடுகிறவள். அவள் பல்லிடுக்கில் சுங்கான்.

"சூடான சூப்ப உறிஞ்சற மாதிரி மெதுவா புடிக்கணும். அணைஞ்சா அணையட்டும், திரும்பப் பத்த வைக்கலாம். அணையக்கூடாதுன்னு இழுத்துக்கிட்டே இருந்தா உங்க நாக்கு மாதிரிதான் ஆகும்."

"எப்போ கத்துக்கிட்ட?"

"யூனிவர்சிட்டில. இதே கெலுகோர்தான். கூட இருந்த சரவாக் பொண்ணு புடிப்பா. பரீட்சை நேரத்துல பின்வாசல்ல உக்காந்து நானும் புடிக்க ஆரம்பிச்சேன். அப்புறம் எனக்குன்னு ஒண்ணு வாங்கினேன்."

"உங்க அப்பாவுக்கு?"

"தெரிஞ்சிருந்தா உயிரோட விட்டிருப்பாரா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலயே" என்றாள் சாதாரணமாக. 'உப்பு போட மறந்துட்டேன்' என்று சொல்வதுபோல.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அப்புறம் ஏன் விட்ட?" என்று கேட்டேன்.

அவள் பைப்பைக் கீழே வைத்தாள். கன்னத்தின் உள்பக்கத்தை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டதுபோல் இருந்தது.

"இங்க வெள்ளையா ஒரு தடிப்பு வந்துச்சு. முதல்ல புண்ணுன்னு விட்டுட்டேன். போகல. பல் டாக்டர் பாத்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாரு. சின்னதா வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க."

நான் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்லன்னுதான் ரிசல்ட் வந்துச்சு. ஆனா வர்ற வரைக்கும்... மருந்து படிக்கிற பொண்ணு நானு. என்னவா இருக்கலாம்னு புஸ்தகத்துலயே எழுதியிருக்கும்ல."

"யாரு கூட வந்தா?"

"யாரும் இல்ல. பஸ்ல போனேன். ரிசல்ட் வாங்கிட்டுக் கடற்கரையில உக்காந்து ஒரு தட்டு ரோஜாக் சாப்டேன். பக்கத்துல இருந்தவங்க எல்லாம் என்னையே பாத்தாங்க. அழுதுக்கிட்டே சாப்டிருக்கேன், எனக்கே தெரியல."

அந்த வருடங்களில் நானும் இதே ஊரில்தான் இருந்தேன். சொந்த ஊரான நிபோங் திபாலிலிருந்து வேலைக்கு வந்து, விடுமுறை நாட்களில் நண்பர்களோடு அதே கடற்கரையில் சுற்றியவன். எனக்கு அவளைத் தெரியாது. தெரியாமல் போனதில் என் தவறு எதுவும் இல்லைதான். ஆனாலும் ரோஜாக் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைக் கடந்து நான் நடந்து போயிருக்கலாம்.

"அன்னிக்கே விட்டுட்டியா?"

"எங்க? விட்டு விட்டுப் புடிச்சேன். ரொம்பக் கஷ்டப்பட்டேன். ஆஸ்பத்திரியில அந்த ரூம்ல வந்து உக்காருறவங்க, 'மிஸ், உங்களுக்கு எங்க கஷ்டம் தெரியுமா லா'ன்னு கேப்பாங்க. நான் ஒண்ணும் சொல்றதில்ல."

மிச்சப் புகையிலையைத் தட்டிக் கொட்டி, துளையைத் துடைத்து, பைப்பை என் மடியில் வைத்தாள்.

"எப்படிப் புடிக்கிறதுன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். அப்புறம் என்ன ஆகலாம்னும் தெரியும். நெஞ்சுக்குள்ள இழுக்கலன்னா ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. நான் இழுத்ததே இல்ல."

அவள் சொன்னபடி அதற்குப் பிறகும் சில தடவை பிடித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. இதமான மணம், மெல்லிய கிறக்கம், அந்தத் தாடிக்காரரின் நிதானம். ஒருநாள் காலை பசியாறி முடித்ததும் என் கை தானாகவே புகையிலைப் பொட்டலத்தைத் தேடியது. அது எனக்குத் திடுக்கென்றது. அன்று பைப்பை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை, வாங்கிக்கொண்டாள். என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக இருவரும் நிபோங் திபாலுக்குக் காரில் போனோம். கடல் பாலத்தில் ஏறியதும், "வேற ஏதாவது இருக்கா, நான் கேக்காம விட்டது?" என்றேன்.

அவள் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தபடி சிரித்தாள்.

"கேளுங்க, சொல்றேன். ஆனா கார ஒழுங்கா ஓட்டணும்."

ஊர் வந்து சேரும்வரை நான் எதையும் கேட்கவில்லை.