முதுகுப் பெரட்டு

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தை பிறந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். மார்கிரட் டீச்சர் புதுப் பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில் பெயர்களைக் கூப்பிடுவார். வரிசைப்படி கூப்பிட மாட்டார். தன் பெயர் கேட்ட பிள்ளை கையைத் தூக்க வேண்டும். விடியற்காலையில் கங்காணி வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் இதற்கு முதுகுப் பெரட்டு என்று பெயர் வைத்துச் சிரித்தோம். டீச்சர் மட்டும் சிரிக்க மாட்டார்.

காரணம் நாகலெட்சுமி. அறுபத்தோராம் ஆண்டு நானும் அவளும் இரண்டாம் வகுப்பு. டீச்சர் பெயர் கூப்பிடும் இடாப்பில் அழகுமுத்து என்ற என் பெயருக்கு அடுத்த பெயர் அவளுடையது. நான் 'உள்ளேன் டீச்சர்' என்று எழுந்து உட்கார்ந்ததும் அவளும் எழுந்து அதையே சொல்வாள். எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு கத்தும்போது அவள் வாயும் அசையும். தனியாக ஒரு கேள்வி கேட்டால்தான் திருதிருவென்று விழிப்பாள்.

தலைமை ஆசிரியர் பத்திநாதன் அவளை மந்தம் என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. டீச்சரும் தலையாட்டினார் என்பதையும் மறைக்க மாட்டேன். படிப்பு ஏறாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று, அவள் அப்பா செல்லசாமி கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விட ஏற்பாடு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரயில். அவளுக்கு எட்டு வயது.

அந்த வாரம் பார்த்து எனக்கு அம்மை போட்டது. இடாப்புக் கூப்பிடும்போது என் இடம் காலி. டீச்சர் நாகலெட்சுமியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டும் அவள் எழவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். திமிர் என்று நினைத்துப் பிரம்போடு கிட்டே போன டீச்சர் பாதி வழியில் நின்றுவிட்டார். பிரம்பை வைத்துவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் போய் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். அசைவில்லை. முன்னால் வந்து அதே குரலில் கூப்பிட்டார். வாயசைவைப் பார்த்து உடனே எழுந்தாள்.

தப்பு மேளச் சத்தமும் பள்ளி மணியும் கேட்டன அவளுக்கு, பேச்சுத்தான் கேட்கவில்லை. எனக்கு அடுத்து எழ வேண்டும் என்பதை வைத்தே ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறாள். அவளையா மந்தம் என்றார்கள்!

சனிக்கிழமை டீச்சர் அவர்கள் குடியிருந்த லயத்துக்கே போனார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவள் அம்மா மீனம்மாவுக்கு எதிரிலேயே பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டுக் காட்டினார். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்தது அப்போதுதான் மீனம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

"கூப்புட்டா வரமாட்டேங்குறான்னு எத்தன அடி அடிச்சிருக்கேன் டீச்சரம்மா," என்று முறத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதார்.

செல்லசாமி இளகவில்லை. காது கேட்காவிட்டால் என்ன, பாத்திரம் கழுவக் காது எதற்கு என்றார். பெரிய மாஸ்டரே மந்தம் என்ற பிள்ளை அல்லவா என்றார்.

"அவரு சொன்னதும் தப்பு, நான் தலையாட்டுனதும் தப்பு," என்றார் டீச்சர். "ஒரு தவணை, மூணு மாசம் குடுங்க. அதுக்குள்ள இவ வாசிக்கலைன்னா நானே கூட்டிட்டுப் போயி ரயில்ல ஏத்தி விடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை ரயில் அவள் இல்லாமல் போனது. திங்கட்கிழமை முதல் நாகலெட்சுமி முன் பெஞ்சு. டீச்சர் கரும்பலகையைப் பார்த்துப் பேசும் பழக்கத்தையே விட்டார். எழுதி முடித்துத் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பார். எங்களுக்கும் அது நல்லதாகத்தான் போயிற்று.

தவணை முடிவில் பத்திநாதன் பரீட்சிக்க வந்தார். செல்லசாமி வேலைக் கம்பளியைத் தோளில் போட்டபடி கதவோரம் நின்றார். தலைமை ஆசிரியர் வழக்கம்போல பெஞ்சுகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே, "நாகலெட்சுமி, பத்தாம் பக்கம் வாசி," என்றார். அவள் அசையவில்லை. பார்த்தீர்களா என்பதுபோல அவர் செல்லசாமியைப் பார்த்தார்.

"முன்னால வந்து கேளுங்க, சார்," என்றார் மார்கிரட் டீச்சர்.

அவர் முன்னால் வந்து கேட்டார். நாகலெட்சுமி எழுந்து பத்தாம் பக்கத்தை வாசித்தாள், நிறுத்தச் சொன்னது கேட்காமல் பதினோராம் பக்கத்தையும் வாசித்தாள்.