சம்பளச் சீட்டில் இருக்கும் வரி

இன்று காலை மல்லாபூர் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, சும்மா இருக்காமல் வருமான வரி இணையதளத்தைத் திறந்தேன்.

எட்டு மாதமாகச் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். சம்பளச் சீட்டிலும் அச்சாகி வருகிறது. ஆனால் அங்கே என் பெயரில் ஒரு ரூபாய்கூடக் கட்டப்படவில்லை.

பக்கத்து இருக்கையில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் செல்வராஜ் அண்ணன். எல்லாச் சம்பளச் சீட்டையும் லேமினேட் செய்து வைத்திருப்பவர்.

"உங்களோடதையும் பாருங்கண்ணா."

"நக்கோப்பா, வேணாம். பிடிச்சேன்னு சீட்டுலயே போட்டிருக்கான்ல?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே போனை நீட்டினார். அதுவும் காலி. பின் இருக்கையில் இரண்டு பேர் நீட்டினார்கள். அவர்களுடையதும் காலி.

அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "நீ பாக்காம இருந்திருந்தா கட்டியிருப்பானோ?"

கம்பெனி கேட் வந்தது. தினமும் முண்டியடித்து இறங்குகிறவர்கள் இன்று ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள்.

"நீ முன்னால போப்பா. ஹெச்.ஆர்.கிட்ட பேச உனக்குத்தான் விவரம் தெரியும்."

போய் விஷயத்தைச் சொன்னதும், ஹெச்.ஆரில் பத்து மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னை மட்டும். கேன்டீனில் இருந்து எழுதுகிறேன்.

உங்கள் வரி போய்ச் சேர்ந்திருக்கிறதா, பார்த்தீர்களா? பார்ப்பதானால் பஸ்ஸை விட்டு இறங்கியபிறகு, தனியாகப் பாருங்கள்.